ஒரு நூல் இடைவெளி

என் போனுக்குச் சார்ஜ் ஏற வேண்டுமானால் அது வடகிழக்கு பார்த்துப் படுக்க வேண்டும். தலை ஜன்னல் பக்கம், கால் பீரோ பக்கம். ஒயர் சுவரிலிருந்து நேராக வரக் கூடாது. ஓர் எவர்சில்வர் டம்ளர் மேல் ஏறி இறங்கி, இடது பக்கம் ஒரு வளைவு வளைந்து, போனின் காலடியில் இருக்கும் துவாரத்துக்குள் சற்றே மேல்நோக்கி நுழைய வேண்டும். நுழைந்த இடத்தில் லிஃப்கோ அகராதியின் ஒரு முனை, அழுத்தியும் அழுத்தாமலும், பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இத்தனையும் கூடிவந்தால் திரையில் அந்தச் சின்ன மின்னல் குறி தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விடுவேன். அதுவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த அகராதி மகன் பத்தாம் வகுப்புப் படித்தபோது வாங்கியது. அவன் பொறியியல் முடித்துப் பெங்களூருக்குப் போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை. வேலையில்லாமல் பதினைந்து வருஷம் அலமாரியில் நின்ற புத்தகத்துக்கு ஒரு பிழைப்பு கிடைத்ததில் எனக்கு உள்ளூரத் திருப்திதான். நானும் ஓய்வு பெற்றவன். அதன் மனசு எனக்குப் புரியும்.

இதெல்லாம் ஆரம்பித்தது சித்திரையில். ஒரு ராத்திரி பத்தரைக்கு, 12 சதவீதத்தில் இருந்த போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் 14. ராத்திரி முழுக்க வைத்திருந்ததற்கு இரண்டு சதவீதம். சேமிப்புக் கணக்குக்கு வங்கிக்காரர்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்து கொடுப்பதை இது ஒரே ராத்திரியில் கொடுத்துவிட்டதே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு, ஒயரைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். டைப்-சி என்பதால் எப்படித் திருப்பிச் செருகினாலும் போகும். அதற்கு முந்தைய மைக்ரோ யுஎஸ்பி காலத்தில் இந்தப் பக்கம் செருகி, போகாமல், அந்தப் பக்கம் செருகி, அதுவும் போகாமல், கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் முதலில் செருகியதே சரி என்று தெரியும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. இரண்டு பக்கமும் போகிறது, இரண்டு பக்கமும் சார்ஜ் ஏறவில்லை.

வேறு சார்ஜர் போட்டுப் பார்க்கலாம் என்று மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தேன். எங்கள் வீட்டில் போன்கள் செத்துப் போகும், சார்ஜர்கள் சாவதில்லை. நோக்கியாவின் தடிப் பின், அதற்கப்புறம் வந்த ஒல்லிப் பின், எந்தக் கேமராவுக்கோ வந்த மினி யுஎஸ்பி, ஏழெட்டு மைக்ரோ யுஎஸ்பி எல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே உருண்டையாகக் கிடந்தன. ஒன்றை இழுத்தால் முழுக் குடும்பமும் கூட வந்தது. ஐரோப்பிய யூனியன்காரர்கள் இதைப் பார்த்துச் சலித்துத்தான் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கெல்லாம் டைப்-சிதான் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு இழுப்பறை வரைக்கும் அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. உருண்டையைப் பிரித்து இரண்டு சி ஒயர்களைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டிலும் அதே கதை. ஆனால் இரண்டாவதைச் சலிப்போடு கீழே போட்டபோது, அது அகராதி மேல் விழுந்த கோணத்தில், மின்னல் குறி எட்டிப் பார்த்தது.

அங்கேதான் நான் வழுக்கினேன். ஏன் ஏறவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தவன், எப்படி வைத்தால் ஏறும் என்று ஆராய ஆரம்பித்துவிட்டேன். மனைவி சொல்கிறாள், இதே புத்தியோடுதான் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றாமல் மூன்று வருஷமாக உள்ளே போகிறவர்கள் எல்லோரும் பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது என்று.

கொஞ்ச நாளில் வீடே போனுக்குத் தகுந்தபடி மாறியது. கூடத்தில் மின்விசிறி போட்டால் ஒயர் ஆடும், மின்னல் போய்விடும். எனவே சார்ஜ் ஏறும் நேரத்தில் விசிறி கிடையாது. கிரைண்டர் ஓடினால் தரை அதிரும். எனவே மாவரைக்கும் நாளில் சார்ஜ் கிடையாது. வேலைக்கு வரும் பெண் கூடத்தைத் தவிர்த்து மற்ற இடங்களைப் பெருக்கினாள். இந்த ஏற்பாட்டில் மனதாரச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, "பார்த்து வாங்க, போன் சார்ஜ் ஆகுது" என்று சொல்லி அழைத்து வந்தோம். கைக்குழந்தை தூங்குகிறதாக்கும் என்று நினைத்து ஒரு மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தனை மாசம்?" என்று கேட்டார். "ரெண்டரை வருஷம்" என்றேன். வாங்கிய தேதி எனக்கு ஞாபகம் இருந்தது.

விசிறியை நிறுத்தியதில் இன்னொரு வம்பு வந்தது. நங்கநல்லூர் சித்திரை வெயிலில் பூட்டிய கூடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடு ஆகாது. 45 டிகிரியை நெருங்கினாலே போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரம் வாங்குவதைக் குறைத்துவிடும், அல்லது அடியோடு நிறுத்திவிடும். ஆக, விசிறி போட்டால் ஒயர் ஆடிச் சார்ஜ் ஏறாது. போடாவிட்டால் சூடாகிச் சார்ஜ் ஏறாது. கடைசியில் பனை ஓலை விசிறி ஒன்றை எடுத்து, ஒயர் பக்கம் காற்றுப் படாமல், போனின் முதுகுக்கு மட்டும் வீசினேன். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் தனக்கு ஒரு நாளாவது இப்படி வீசியதுண்டா என்று மனைவி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. 37 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.

மகனுக்குப் போன் செய்தேன். சார்ஜிலிருந்து எடுக்க முடியாததால் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பேசினேன். நாலு வருஷம் பொறியியல், அப்புறம் இரண்டு வருஷம் மேற்படிப்பு. அவன் முதலில் கேட்ட கேள்வி: "சுவிட்ச் போட்டிருக்கீங்களாப்பா?"

போட்டிருக்கிறேன் என்றேன்.

"ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"அது தானாவே தினமும் ரெண்டு தடவை ஆயிக்கிட்டுதான்டா இருக்கு."

பிறகு பாடம் எடுத்தான். அந்தப் பொட்டுத் துவாரத்துக்குள் மேலே 12, கீழே 12 என்று மொத்தம் 24 பின்கள் இருக்கின்றனவாம். மின்சாரம் வரவும் திரும்பவும் அவற்றில் எட்டு. மிச்சத்தில் சில, பேச்சுவார்த்தைக்கு. நீ எவ்வளவு கொடுப்பாய், நான் எவ்வளவு வாங்கலாம் என்று சார்ஜரும் போனும் முதலில் பேசி முடித்துக்கொள்ளுமாம், நிச்சயதார்த்தம் மாதிரி. பேச்சு ஒத்துவரவில்லை என்றால் வேக சார்ஜ் எல்லாம் கிடையாது. வெறும் 5 வோல்ட்டில் ஏதோ பேருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைசி 20 சதவீதம் எப்போதும் மெதுவாகத்தான் ஏறும் என்றும் அதற்காகப் பதறக் கூடாது என்றும் சொன்னான். குடம் நிரம்பும் நேரத்தில் குழாயைச் சின்னதாக்குகிறோமே, அது போல. என் போன் அந்த 20 சதவீதத்தைப் பார்த்தே ஒரு மாதமாயிற்று என்று சொல்லலாம் என வாயெடுத்தேன். அதற்குள் மனைவி கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் ஒரு சின்னக் கருவியை வாங்கி அனுப்பினான். யுஎஸ்பி டெஸ்டர். முந்நூறு ரூபாய் சொச்சம். சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவே செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எண்ணில் காட்டும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ஸ்டெதாஸ்கோப் அது. இரண்டு நாள் ஊண் உறக்கம் இல்லாமல் வீட்டிலிருந்த ஒயரையெல்லாம் சோதித்து ஒரு நோட்டில் எழுதினேன். பஸ் ஸ்டாண்டில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய ஒயர், மனைவியின் நல்ல போனில்கூட அரை ஆம்பியரைத் தாண்டவில்லை. வெளியே கொழுகொழுவென்று ரப்பர், உள்ளே தலைமுடி கனத்துக்குத் தாமிரம். மெல்லிய தாமிரத்தில் மின்சாரம் வரும் வழியிலேயே அழுத்தம் கரைந்துபோகும். மாடி வீட்டுக்காரர்களின் ஒயரைக் கேட்டு வாங்கிச் சோதித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்களாகவே கொண்டுவந்தார்கள். "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று மட்டும்தான் நான் கேட்கவில்லை.

நல்ல அடாப்டர், நல்ல தடித்த ஒயர் இரண்டையும் சேர்த்து மனைவியின் போனில் போட்டால் 1.9 ஆம்பியர். அதையே கழற்றி என் போனில் போட்டால் 0.00. டம்ளர், அகராதி, வடகிழக்கு எல்லாம் சேர்ந்தால் 0.4. என் போனின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி, அதாவது ஏறக்குறைய 19 வாட் மணி. 5 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் என்றால் 2 வாட். காலியாக இருந்து நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நான் கையால் தொடாமல் இருந்தால். நானோ, ஏறுகிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையைத் தட்டிப் பார்க்கிறவன். ஏறுவதில் பாதியை, ஏறுகிறதா என்று பார்ப்பதிலேயே செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அடாப்டர் குற்றவாளி இல்லை, ஒயர் குற்றவாளி இல்லை என்றால் மிச்சம் இருப்பது போன்தான். இது இரண்டாம் நாளே நோட்டில் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் நோட்டை மூடி வைத்துவிட்டு மூன்றாவதாக ஓர் ஒயர் வாங்கினேன்.

இந்தக் கலவரத்தையெல்லாம் சாய்வு நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மா. வயது 84. ஒரு நாள், "ஏண்டா, ஓட்டையில அடைப்பு இருக்கான்னு பாத்தியா?" என்றார்.

"அம்மா, இது எலெக்ட்ரானிக்ஸ்."

"என்னவா வேணா இருக்கட்டும். நம்ம பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கா? மண்ணெண்ணெய் இருக்கும், காத்தும் அடிச்சிருக்கும், ஆனா எரியாது. மஞ்சளா பொகையும். அப்ப என்ன அர்த்தம்? நிப்பிள்ல அடைப்பு. ஸ்டவ் பின் போட்டு ஒரு குத்து குத்துனா நீலமா எரியும். உனக்குக் கரண்ட் இருக்கு, ஒயர் இருக்கு. அப்ப அடைப்புதானே?"

தகரப் பட்டையின் நுனியில் மயிரிழைக் கம்பி செருகிய அந்த ஸ்டவ் பின் என் கண்முன் வந்து போனது. சின்ன வயதில் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் எத்தனை வாங்கி வந்திருப்பேன்! ஆனால் 24 பின் கொண்ட விஷயத்துக்கு ஒற்றைப் பின் வைத்தியமா என்று சிரித்துவிட்டு, அம்மாவுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல், லித்தியம் அயான் பேட்டரியைக் கண்டுபிடித்த மனுஷர்கள் யார் என்று மனைவியின் போனில் தேடிப் படித்தேன். திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூன்று பேர். ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ. 1991இல் சோனி நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் வேதியியல் நோபல். குட்எனஃப் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 97. அந்த வயதில் நோபல் வாங்கியவர் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. எங்கள் அம்மாவைவிடப் பதின்மூன்று வயது கூட. இந்த ஒப்பீட்டில் அடங்கியிருந்த குறிப்பு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சார்ஜ் மேலும் குறைந்தது. ஒரு நாள் திரையில் ஒரு முக்கோணமும் ஒரு நீர்த்துளியும் தோன்றின. துவாரத்தில் ஈரம் இருக்கிறதாம், உலரும்வரை சார்ஜ் போடக் கூடாதாம். மழை இல்லை, போன் தண்ணீரில் விழவும் இல்லை. மாடி வீட்டுக்காரர், "அரிசியில பொதைச்சு வைங்க சார், ஈரத்த உறிஞ்சிடும்" என்றார். அதைச் செய்யாதீர்கள், தூளும் துகளும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள்காரர்களே 2024 ஜனவரியில் எச்சரித்தார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அப்போது எங்கள் வீட்டில் நடந்த விவாதம் பச்சரிசியா புழுங்கலரிசியா என்பதைப் பற்றி மட்டுமே. இட்லி அரிசியைத் தொடக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரேஷன் பச்சரிசி என்று தீர்ப்பானது. டிரம்மில் ஒரு படி ஆழத்தில் புதைத்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு அரிசி டிரம்முக்குள்ளிருந்து சுப்ரபாதம் ஒலித்தது. மகன்தான். எடுத்துப் பேசக் கை விட்டுத் துழாவுவதற்குள் கால் கட்டாகிவிட்டது. கை முழுக்கத் தவிடு.

மறுநாள் 9 சதவீதத்தோடு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

ஒன்பது சதவீதத்தை வைத்துக்கொண்டு வெளியே போகிற மனுஷன் ரொக்கம் எடுத்துப் போக வேண்டும். நான் போகவில்லை. மெட்ரோ டிக்கெட்டைப் போனில் வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று அதிலேயே வாங்கினேன். ஏறும்போது அந்தச் சதுரக் கட்டப் படத்தைக் காட்டி உள்ளே போனேன். இறங்கும்போதும் அதையே காட்டினால்தான் கதவு திறக்கும். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, எஸ்கலேட்டரில் மேலே வந்து, கதவுக்கு முன் நின்று போனை எடுத்தேன். கறுப்பாக இருந்தது. என் முகம் மட்டும் அதில் தெரிந்தது.

பின்னால் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன், "அங்கிள், பவர் பேங்க் வேணுமா?" என்றான். தெய்வம். ஆனால் அவனுடைய ஒயர் அரை அடி. என் போனுக்கோ வடகிழக்கு வேண்டும். பூமிக்கு அடியில் கட்டிய நிலையத்தில் வடகிழக்கு எதுவென்று யாருக்குத் தெரியும்? டம்ளருக்குப் பதில் என் கண்ணாடிக் கூட்டையும் அகராதிக்குப் பதில் அவனுடைய கட்டை விரலையும் வைத்து, இருவரும் ஒரு தூண் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து இருபது நிமிஷம் தவம் இருந்தோம். போன் உயிர் பெற்றதும் ஒயரைக் கழற்றப் பயந்து அப்படியே எழுந்தோம். அரை அடி ஒயரில் பிணைந்தபடி, அவன் ஓரடி நான் ஓரடி என்று, அக்கினியை வலம் வரும் மணமக்கள் போலக் கதவை நோக்கி நடந்தோம். கதவு திறந்தது. பையன் கும்பிடு போட்டுவிட்டு ஓடினான். பெயர் கேட்கக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

ரிச்சி தெருவுக்கு நான் புதியவன் இல்லை. ரேடியோவுக்கு வால்யூம் கண்ட்ரோல், டேப் ரிக்கார்டருக்கு ஹெட் என்று தேடி நான் அலைந்த தெருதான். இப்போது கடைக்குக் கடை ஒயர்கள் பூக்கடைச் சரம் போலத் தொங்குகின்றன. முதல் கடையில், போனைக் கையில் வாங்காமலே, "பேட்டரி அவுட் சார்" என்றார்கள். இரண்டாவது கடையில் ஒரு மீட்டரைச் செருகிப் பார்த்து, "சார்ஜிங் ஐசி போயிருக்கு. போர்டு வேலை. 1,800 ஆகும். கேரண்டி தர முடியாது" என்றார்கள். மூன்றாவது கடையில் சிசி போர்டு மாற்ற வேண்டும், 650 என்றார்கள். சிசி என்றால் சார்ஜிங் கனெக்டராம். ஒவ்வொரு கடைக்கும் விலை இறங்குவதைப் பார்த்து, பத்தாவது கடையில் எனக்கே பணம் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டபடி நடந்தேன்.

நாலாவது, கடை என்று சொல்ல முடியாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பையன். வயது இருபத்திரண்டு இருக்கலாம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளரில் ஆரம்பித்துச் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போனைத் தலைகீழாகப் பிடித்துத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"எந்த ஊர் சார் நீங்க?"

"நங்கநல்லூர். ஏன்?"

"இல்ல சார், உள்ள அவ்ளோ மண்ணு இருக்கு. விவசாயமோன்னு நெனச்சேன்."

முதலில் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்தான். ஊசி போல மெலிந்த பிளாஸ்டிக் குச்சி ஒன்றை எடுத்து, ஓரமாகச் செருகி, மெல்ல நெம்பினான். ஊக்கு, குண்டூசி எல்லாம் விடவே கூடாது என்று வேலையோடு வேலையாகச் சொன்னான். நடுவில் மெல்லிசாக ஒரு நாக்கு இருக்கிறது, பின் எல்லாம் அதன் மேல்தான், இரும்பு பட்டு அது வளைந்தால் அப்புறம் நிஜமாகவே சிசி போர்டுதான் என்றான். முதல் நெம்பில் ஒரு துணுக்கு வந்தது. இரண்டாவதில் இன்னொன்று. மேஜையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து ஒவ்வொன்றாக வைத்தான். நானும் என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

கீழடியில் குழிக்குள் இறங்கியவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். மேலடுக்கில் தவிடு, ரேஷன் பச்சரிசிக் காலத்தைச் சேர்ந்தது. அதற்குக் கீழே, கெட்டித்துப் பாளமாக, வெண்சாம்பல். பார்த்ததும் தெரிந்துவிட்டது. வடபழநி முருகன் கோயில் விபூதி. ஒவ்வொரு கிருத்திகைக்கும் மனைவி கொண்டுவந்து செய்தித்தாள் துண்டில் மடித்து என் சட்டைப் பையில் வைப்பாள். நான் அதே பையில் போனைத் தலைகீழாகச் செருகுவேன். மடிப்பு அவிழும். இரண்டரை வருஷக் கிருத்திகைகளின் பலன் முழுவதையும் என் போன் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் அடியில், இவை எல்லாவற்றுக்கும் ஆதாரமாக, பஞ்சு. நீலம், வெள்ளை, கொஞ்சம் பழுப்பு. நீலம், போன தீபாவளிச் சட்டை. ஒவ்வொரு தடவை ஒயரைச் செருகும்போதும் அது நுனியால் பஞ்சை இடித்து இடித்து உள்ளே தள்ளி, திண்டு போலக் கெட்டியாக்கி வைத்திருந்தது. நான் எத்தனை தடவை செருகினேன் என்பதுதான் உங்களுக்கே தெரியுமே.

ஒரு பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே இரண்டு தேய்ப்பு, கொஞ்ச நேரம் காயவைத்தல். பிறகு ஒயரைச் செருகினான். "டிக்" என்றது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதை மறந்தே போயிருந்தேன். புதுப் போனில் ஒயர் முழுக்க உள்ளே போய் டிக்கென்று உட்காரும். இத்தனை மாதமாக அது உட்காரவில்லை. வெளியே ஒரு நூல் அளவுக்கு வெள்ளி மினுக்கிக்கொண்டு நிற்கும். தச்சர்கள் சொல்வார்களே, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அந்த நூல்கூட முழுதாக இல்லை, அரை நூல். அதைத் தினமும் பார்த்தேன். ஒயர் ஒரு நூல் நீளமாகச் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேனே ஒழிய, உள்ளே நிஜமான நூல் இருக்கும் என்று தோன்றவில்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து நடுவில் போட்டேன். 1.9. போனை எடுத்துத் தெற்கே காட்டினேன். 1.9. தென்மேற்கு. 1.9. சட்டென்று எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பையன் தன் டீ கிளாஸை நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு தம்பி?"

"குடுக்கறதக் குடுங்க சார்."

சட்டைப் பையைத் தொட்டபோதுதான் நினைவு வந்தது. ரொக்கம் கிடையாது. பணமெல்லாம் போனில். போனோ இப்போதுதான் ஒரு சதவீதம். அவன் கூலியைக் கொடுக்க, அவனே தன் கரண்ட்டைப் போட்டு என் போனை ஏற்ற வேண்டியதாயிற்று. ஐந்து நிமிஷத்தில் 4 சதவீதம். நூறு அனுப்பினேன். "ஐம்பது போதும் சார், சும்மா குத்துனதுதானே" என்று ஐம்பதைத் திருப்பி அனுப்பினான். அந்த "குத்துனதுதானே" எனக்கு எங்கேயோ கேட்ட வார்த்தை போல இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டார். "என்னடா சொன்னான்?"

"கனெக்டர்ல டெப்ரிஸ் அக்யுமுலேட் ஆயிருக்காம்மா."

"அடைப்பா?"

"அடைப்புதான்."

"எவ்வளவு வாங்கினான்?"

"அம்பது."

அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த தென்னந்துடைப்பத்தை ஒரு பார்வை பார்த்தார். அதில் குறைந்தது இருநூறு ஈர்க்குச்சி இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமையே நிர்வாகம் கைமாறியது. வெள்ளிதோறும் விளக்குத் துலக்கி, கருகிய திரியைக் கிள்ளிப் போடுவது அம்மாவின் வேலை. இப்போது அந்த வரிசையில் குத்துவிளக்குகளுக்குப் பக்கத்தில் வீட்டுப் போன்களும் அணைத்து வைக்கப்படுகின்றன. ஈர்க்குச்சியின் நுனியைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஓரமாக விட்டு, நாக்கில் படாமல் நெம்புகிறார். ஸ்டவ் பின் பழக்கத்தில் குத்திவிடாதீர்கள் என்று சொல்லப் போனேன். "ஸ்டவ் வேற, இது வேறன்னு தெரியாதா எனக்கு?" என்றார். மாடி வீட்டுப் போன் இரண்டு, பக்கத்து வீட்டுப் போன் மூன்று என்று வருகை அதிகமாகிவிட்டது. என் டெஸ்டரை யாரும் கேட்பதில்லை. விபூதிப் பொட்டலத்துக்கு மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கினாள். அகராதி மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது.

நேற்று மகன் கூப்பிட்டான்.

"அப்பா, என் போன்ல நாலு நாளா சார்ஜ் சரியா ஏற மாட்டேங்குது."

எத்தனை மாதம் காத்திருந்த தருணம்! தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுவிட்ச் போட்டிருக்கியா?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "பாட்டி முழிச்சிட்டிருக்காங்களா?"

கொடுத்தேன். அம்மா போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி, அவன் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும். போனை எந்தப் பாக்கெட்டுல வைக்கிறே?"